குட்டி பேட்டரியின் குறும்பு

கேள்வி: என் மின்சார காரில் ‘பேட்டரி மேலாண்மைக் கோளாறு’ என்று எச்சரிக்கை வருகிறது. தெரு எலக்ட்ரீஷியன், “பேட்டரியைத் திறந்து பார்த்துடலாம் சார்” என்கிறார். விடலாமா?

பதில்: வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா, கேளுங்கள். உள்ளே சுமார் 400 வோல்ட் டி.சி.! சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் வடியக் காத்திருந்தாலும் செல்கள் தூங்காது.

முதலில் 12 வோல்ட் குட்டி பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். கார் ஓய்வில் இருக்கும்போது 12-க்குக் கீழே காட்டினால், பெரியவர்மேல் பழி போட்டது பெரும்பாலும் இந்தச் சின்னவர்தான். கண்காணிப்பு மூளைக்குச் சாப்பாடு போடுவதே அவர்தானே!

அது சரியாக இருந்தால், காரின் கோளாறுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகி செல் வோல்டேஜ்களைப் படியுங்கள். பழைய நிஸான் லீஃபில் 96 ஜோடி செல்கள் தொடராக இருக்கும். ஒன்று குறைவாகவும் பக்கத்துச் செல் அதே அளவு கூடுதலாகவும் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான அளவீட்டு வயரின் இணைப்பைச் சந்தேகியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒன்று மட்டும் தொபுக்கென்று விழுந்தால், கோளாறு பெரும்பாலும் செல்லிலேயே.

எரர் கோடை மட்டும் அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். ஆரஞ்சு கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு, 1000 வோல்ட் கையுறையும் பயிற்சியும் உள்ளவரிடம் காரை விடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு வருத்தமென்றால், மிக்ஸியைக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.