அவரைப் பந்தலும் டிஷ் ஆன்டெனாவும்: பட்டினப்பாக்கத்து ஆய்வு

பசுமை வாழ்வு பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மக்களைத் திருத்தினவா இல்லையா என்று ஆராயப் புகுந்தவர்கள் எல்லாரும் மக்களையே ஆராய்ந்தார்கள். டிஷ்ஷை ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. அக்குறை நீக்கவே சென்னைக் கடற்கரையோரப் பட்டினப்பாக்கத்து மொட்டைமாடி ஒன்றைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை எழுகிறது. நிதி நல்கை எவரும் அளிக்கவில்லை. மாடிச் சாவியைக் கீழ்வீட்டு அக்கா அளித்தார்.

கருதுகோள் இதுதான். பசுமை நிகழ்ச்சியும், அது காட்டும் பசுமையும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் தங்கமாட்டா. ஒன்று உள்ளே வந்தால் மற்றது எழுந்து வெளியே போகும். இது பார்ப்பவரின் சோம்பலால் அன்று, இயற்பியலால் என்க.

மழையிலிருந்து தொடங்குவோம். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்றுமுதல் ஐப்பசி நெருங்கினால் ஏதாவது ஒரு சேனலில் ஒருவர் குழாய், கூழாங்கல், மணல் என்று அடுக்கிக் காட்டுவார். பட்டினப்பாக்கத்துக்கு வேண்டிய பாடம்தான். இங்கே மணற்பாங்கு, விட்டால் எவ்வளவு நீரையும் குடிக்கும். நல்ல தண்ணீர் கீழே குறைந்தால் கடல் உள்ளே வந்து உட்காரும். ஆகவே அக்கா பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்க. வெளியே மழை பிடிக்கிறது. டிஷ்ஷுக்கு இறங்கிவரும் கேயு பேண்டு அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். கனமழைத் துளிகள் அதைப் பாதி உறிஞ்சும், பாதி சிதறடிக்கும். "தொட்டியின் அடியில் முதலில் போட வேண்டியது..." என்கிற இடத்தில் நிபுணரின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து உறைந்துபோகிறது. மழை விட்டதும் படம் வருகிறது. வந்தது அடுத்த நிகழ்ச்சி. முதலில் போட வேண்டியது என்னவென்று இந்த பிளாக்கில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கேபிள் இணைப்பு மழையில் போகாதே என்று ஒரு சாரார் மறுப்பர். போகாது, கரண்ட் போகும். மறுப்பு தள்ளுபடி.

அடுத்தது கொடி. இதுவே ஆய்வின் உயிர்நிலை. மாடித்தோட்ட நிகழ்ச்சியில் தொகுப்பாளினி ஒரு புடலங்காயைத் தொட்டு "இது நெஜமாவே உங்க மாடியில காய்ச்சதா?" என்று வியப்பார். காலம் காலமாகப் புடலங்காய் இப்படியே காய்த்துவந்தும் அந்த வியப்பு தேய்ந்தபாடில்லை. அதைப் பார்த்து மூன்றாம் மாடி அண்ணன் தென்கிழக்கு மூலையில் அவரை போட்டார். காலை வெயில் தடையில்லாமல் விழுவதும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாததும் அந்த மூலைதான். டிஷ்ஷுக்கும் அதே மூலைதான் வேண்டியிருந்தது. டிடி ஃப்ரீ டிஷ் நாடும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சென்னை இருப்பது 80 பாகையில். எனவே இங்கிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கடலுக்கு மேலே, நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். வாஸ்துப்படி அது அக்கினி மூலை. சமையல் நிகழ்ச்சிகள் மட்டும் பளிச்சென்று வருவதற்கு இது காரணமா என்பது மேலாய்வுக்கு உரியது.

பற்றுக்கோல் தேடிய அவரை, டிஷ்ஷின் கையைப் பற்றியது. அதன் நுனியில் அலையை வாங்கும் எல்என்பி-யின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டது. இலையில் இருப்பது பெரும்பாலும் நீர். அலைக்கு இலை என்றால் கொஞ்சம் மழை. பந்தல் என்றால் கார்த்திகை மாதம். எந்த நிகழ்ச்சியைப் பார்த்து நட்டாரோ அதே நிகழ்ச்சியை அந்தக் கொடி நிறுத்திவிட்டது. அதன்பின் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடந்த உரையாடல் ஆய்வுத் தரவாகக் கீழே:

"அக்கா! வந்துச்சா?"

"கட்டம் கட்டமா வருதுடா!"

"இப்போ?"

"ஆங், வந்துச்சு... வந்துச்சு... போச்சு!"

"இன்னாக்கா நீ, ஒழுங்கா பாத்து சொல்லு!"

"நீ மொதல்ல அந்த அவரைக்காவ அறுடா!"

அவர் அறுக்கவில்லை. ஒரு கை பூ விட்டிருந்தது. இதற்கிடையே உப்புக்காற்று தன் பங்கைச் செய்துவந்தது. இரும்புக் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர, டிஷ் இரண்டு மூன்று பாகை தலை தாழ்த்தியது. அந்த அளவே போதும், செயற்கைக்கோள் கைநழுவிப் போகும். டிஷ்ஷைத் துருப்பிடிக்க வைத்த அதே காற்றில் அவரையிலையின் நுனியும் கருகியது. இந்தக் காற்றுக்கு ஓரவஞ்சனை கிடையாது.

இனி வீட்டுக்குள். "இயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள், பகலில் விளக்கு எதற்கு?" என்று ஞாயிறு காலை நிகழ்ச்சியில் ஓர் ஆர்க்கிடெக்ட் கேட்கிறார். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடலோரச் சூரியன் நேரே டிவி திரையில் வந்து விழுகிறது. ஆர்க்கிடெக்ட் மறைந்து, பார்ப்பவர் முகம் தெரிகிறது. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டியூப் லைட்டைப் போட்டபின்தான் இயற்கை வெளிச்சத்தின் அருமை விளங்குகிறது. குறுக்குக் காற்றோட்டமும் அவ்வாறே. கோடையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று ஊருக்குள் நுழையுமுன் வந்து சேர்வது இந்தக் கரைக்கு. ஆனால் கதவைத் திறந்தால் பஸ் டெர்மினஸ் ஹாரனும் சேர்ந்து வரும். காற்றோட்டப் பாடம் காதில் விழ வேண்டுமானால் கதவைச் சாத்தி ஃபேனை ஐந்தில் வைக்க வேண்டும்.

பழங்காலத்தில் இம்முரண் இருந்ததா? சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் "வயலும் வாழ்வும்" இன்றைய பசுமை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பாட்டி. வயல் என்று ஒன்று இல்லாத கடற்கரைக் குப்பத்திலும், உரம் எப்போது போட வேண்டும் என்பது பலருக்கு மனப்பாடம். வேறு சேனல் இல்லை. தரைவழி வந்த அந்த அலை மழைக்கு அஞ்சாது, கொடிக்கு அஞ்சாது. ஆனால் மீன்முள் போன்ற அந்த அலுமினிய ஆன்டெனாவில் ஒரு காக்கை வந்து அமரும், நெல் வயலில் புள்ளி மழை பொழியும். இயற்கை அப்போதும் கடமை தவறவில்லை.

அயல்நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டிஸ்கவரி நிறுவனம் 2008 ஜூனில், நாள் முழுக்கப் பசுமையே பேசும் பிளானட் கிரீன் என்ற சேனலைத் தொடங்கியது. 2012-ல் அது டெஸ்டினேஷன் அமெரிக்கா என்று வேறாக மாறிப்போனது. தன்னையே மக்கவைத்து வேறொன்றுக்கு உரமான சேனல் இது ஒன்றே.

தொலைவுக் கணக்கையும் விடுவதற்கில்லை. "பக்கத்தில் விளைவதை வாங்குங்கள், தூரத்திலிருந்து வருவதைத் தவிருங்கள்" என்பது இந்நிகழ்ச்சிகளின் முதல் கட்டளை. சன் டிவி தலைமையகமான முரசொலி மாறன் டவர்ஸ் இருப்பது எம்.ஆர்.சி. நகரில், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போகலாம். ஆயினும் நிகழ்ச்சி நடந்து வருவதில்லை. டிஷ்ஷுக்கு வரும் எதுவும் 35,786 கிலோமீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்கித்தான் ஆகவேண்டும். பூமியை ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று சுற்றி வருகிற அறிவுரை, நம்மை வெளியூர்த் தக்காளி வாங்காதே என்கிறது.

அருகிலேயே அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க டிஷ் வேண்டாம் என்பதால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

முடிவில் சமரசம் ஏற்பட்டது. அவரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிஷ்ஷைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் மேல் பொருத்தினார்கள். தொட்டி கழுவ வருகிறவர் டிஷ்ஷின்மேல் கால் வைத்துத்தான் ஏறுகிறார். கொடியோ கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து பிளாக்கின் டிஷ்ஷை நோக்கி ஒரு நுனியை நீட்டியிருக்கிறது. அது வேறு கம்பெனி, வேறு செயற்கைக்கோள். அந்த வீட்டம்மா ஏற்கெனவே ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.