மடியில் கனம்

திருப்பூணித்துறையில் விலங்கு என்றால் யானைதான். பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உற்சவத்துக்கு நெற்றிப்பட்டம் கட்டி வந்து நிற்கும் யானைகளின் பெயர், காதின் அகலம், தும்பிக்கை தரையில் புரளுகிறதா இல்லையா என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் அக்குவேறு ஆணிவேறாக அலசப்படும். குதிரைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கொச்சி ராஜ குடும்பம் 1865-இல் கட்டிய ஹில் பேலஸ் இன்று அருங்காட்சியகம். அங்கே பழைய சாரட்டு வண்டிகள் பத்திரமாக நிற்கின்றன, இழுத்தவர்கள் போன இடம் தெரியவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மலபார் வந்த இபின் பதூதாவே, இந்த நாட்டில் யாரும் விலங்கின் மேல் ஏறிப் போவதில்லை, குதிரை ராஜாவிடம் மட்டும்தான் உண்டு என்று எழுதி வைத்தார். இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து பெட்டைக் குதிரையின் மடியைக் கழுவுவது பற்றி அபிப்பிராயம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். குதிரை வைத்திருப்பவர்களில் பலர், மடியில் கை வைத்ததும் அது காலைத் தூக்கினால், ‘திமிர்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். அந்த உதை ஒரு புகார் மனு என்பது என் கட்சி. மனுவைப் பிரிக்காமலே தள்ளுபடி செய்வது நமக்குப் பழக்கமான காரியம்.

மனுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெட்டைக் குதிரையின் மடி பின்னங்கால்களுக்கு இடையில் ஒளிந்திருக்கிறது, காம்புகள் இரண்டே. அந்தத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் தாராளம். அவை கசியவிடுவதோடு புழுதியும் உதிர்ந்த தோலும் சேர்ந்து, இரண்டு காம்புகளுக்கும் நடுவிலுள்ள மடிப்பில் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் படிந்து, காய்ந்தால் செதிலாகிறது. படிந்தால் அரிக்கும். கையில்லாத பிராணி, வாய்க்கும் எட்டாத இடம், என்ன செய்யும்? வாலடியைத் தூணிலும் வேலியிலும் தேய்க்கும். வால் முடி சிக்குப் பிடித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்ததும் உரிமையாளர் விழித்துக்கொண்டு குடற்புழு மருந்து வாங்குவார். புழுவும் ஒரு காரணம்தான், பூச்சிக்கடியும்தான். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் தனியாகச் சிலிர்த்து உதறத் தெரிந்த உடம்பு அது. அதன் மிக மென்மையான மூலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த கை ஒன்று நுழைகிறது. உதைக்காவிட்டால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

குதிரை பராமரிப்பில் நம் பக்கத்துச் சரித்திரமும் பெருமைப்படும்படி இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதைச் சொல்கிறார். ராஜா ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குவாராம். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரியவில்லை, வைத்தியம் தெரிந்தவரும் இல்லை. அப்படிப்பட்டவர் யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குச் சரக்கு! நம் அறியாமையை நம்பி ஒரு ஏற்றுமதித் தொழிலே செழித்திருக்கிறது. இறக்குமதிச் செலவு நம்முடையது என்பதுதான் உறுத்துகிறது.

பசு நிற்கவில்லையா, எருமை நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நிற்கிறது, ஆனால் சும்மா நிற்கவில்லை. முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடியை நீவி, காம்பைக் கழுவி, தவிட்டைக் காட்டி, அப்புறம்தான் கறக்கிறோம். இவ்வளவு சலுகைக்குப் பிறகும் உதைகால் மாட்டுக்குப் பின்னங்காலைக் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. குதிரையையும் அதே மரியாதையோடு அணுகினால் நிற்கும் என்பதற்கு மங்கோலியா சாட்சி. அங்கே குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பிறகு அதைத் தாயின் பக்கத்திலேயே பிடித்து நிறுத்துகிறார்கள். கறப்பவர் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதன் மேல் வாளியைத் தாங்கி, ஒரு கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றி வளைத்துக் கறக்கிறார். மடி சின்னது, அதனால் ஒரே நாளில் பலமுறை கறக்க வேண்டும். அத்தனை தடவையும் அது நிற்கிறது. வடக்கு கஜகஸ்தானில் சுமார் 5,500 ஆண்டுக்கு முந்தைய பானைகளில் குதிரைப் பாலின் தடயம் கிடைத்திருக்கிறது. அத்தனை தலைமுறைக் குதிரைகளுக்கும் திமிர் இல்லாமலா இருந்திருக்கும்?

காட்டுக் குதிரைக்கு யார் கழுவிவிட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. காட்டுக் குதிரை சேணமும் போடவில்லை, லாயத்தில் கட்டுண்டும் நிற்கவில்லை. அதன் வசதிகளில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து உதாரணம் காட்டுவது நியாயமில்லை. நாலு அடி போட்டால் அடங்கும் என்கிறவர்களுக்குப் பதில் இன்னும் சுருக்கம்: மடியில் கை பட்டால் அடி விழும் என்ற பாடத்தைக் குதிரை ஒரே வகுப்பில் படித்துவிடும், மறக்காது. தலைச்சன் குட்டி போடும் குதிரையிடம் இதன் விலை தெரியும். மடியில் எது பட்டாலும் கூசுகிற தாய், சொந்தக் குட்டியையே உதைத்துத் தள்ளலாம். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியைச் சீம்பாலிலிருந்துதான் பெறுகிறது. முதல் நாளின் முதல் சில மணி நேரம் போனால் போனதுதான். தோளில் தொடங்கி, விலா, வயிறு என்று தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நகர்த்தி, அது அசையாமல் நிற்கும் கணத்தில் கையை எடுத்துப் பழக்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் படிவை ஊறவைத்து எடுக்கலாம். காரமான சோப்பு வேண்டாம், அடிக்கடியும் வேண்டாம். தோலுக்கு அந்த எண்ணெயில் கொஞ்சம் தேவை. மடி வீங்கிச் சுட்டால் மட்டும் துணியை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று: ஆபீசருக்கு முன்னாலும் குதிரைக்குப் பின்னாலும் போகாதே என்பார்கள். குதிரை காலை முன்பக்கமாக வீசிப் பக்கவாட்டிலும் உதைக்கும் என்பதால், வயிற்றருகே நிற்பதும் ஆபத்துதான். தோளை ஒட்டி, அதன் பார்வையில் படும்படி நிற்பது உத்தமம். ஆபீசரிடம் எங்கே நிற்பது என்பதை அனுபவஸ்தர்கள் யாராவது எழுதினால் நல்லது.