புல்ட்மானா, பிரவுனா?

கேள்வி: யோவான் நற்செய்திக்கு நல்ல ஆய்வுரை ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். ருடால்ஃப் புல்ட்மானை வாங்குவதா, ரேமண்ட் பிரவுனை வாங்குவதா?

பதில்: பிரவுனை வாங்குங்கள். புல்ட்மானை நூலகத்தில் தேடிப் பிடியுங்கள், விட்டுவிடாதீர்கள்.

யோவான் 5-ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமில் இருக்கிறார். 6-ஆம் அதிகாரம் தொடங்கியதும் கலிலேயாக் கடலின் அக்கரைக்குப் போகிறார். நடுவே பயணத்தையே காணோம்! 4-இன் முடிவில் அவர் கலிலேயாவில் இருப்பதால், 1941-இல் வந்த தம் உரையில் புல்ட்மான் 6-ஐத் தூக்கி 5-க்கு முன்னால் வைத்துவிட்டார். வழி நேராகிவிட்டது. ஆனால், அந்த வரிசையில் ஒரு கையெழுத்துப் பிரதிகூட இல்லையே! பிரவுன் சிக்கலை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நம் கைக்கு வந்த வரிசைக்கே உரை எழுதுகிறார்.

யோவானின் ஒளி–இருள் பேச்சுக்கு மண்டேயர் என்னும் சமயக் குழுவினரின் நூல்கள் வரை போய் வேர் தேடியவர் புல்ட்மான். பிறகு 1947 முதல் கும்ரான் குகைகளில் சாக்கடல் சுருள்கள் கிடைத்தன. அதே பேச்சு பாலஸ்தீன யூதர்களிடமே இருந்திருக்கிறது! அந்தச் சுருள்களோடு உழைத்தவர் பிரவுன். அந்த உழைப்பின் பலன் அவர் உரையில் தெரியும். மொழிபெயர்ப்பு, குறிப்பு, விளக்கம் என்று அவர் பிரித்துத் தருவதால் கிரேக்கம் தெரியாதவரும் தைரியமாக இறங்கலாம். புல்ட்மானோடு மல்லுக்கட்டும் தெம்பும் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டு பாகங்கள், 1966-இலும் 1970-இலும் வந்தவை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் முதல் பாகம். 12-ஆம் அதிகாரம் வரை அதில் இருக்கிறது.