‘கோசோங்’ என்று கேளுங்கள்

கே: இனிப்பு நீர் நம்மவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறதா? (புக்கிட் ரம்பாய்)

ப: 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வைப் பாருங்கள். மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4. பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் ரப்பர் பால் வெட்டிய தாத்தா விடியுமுன்னே மரத்துக்கு மரம் நடந்தார். நாம் அவர் சாப்பிட்ட சோற்றை வைத்துக்கொண்டு, நடையை விட்டுவிட்டோம்.

கே: பசியாற ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். இதில் என்ன வந்துவிடும்? (பாயா ரும்புட்)

ப: அடுத்த முறை கடைக்காரர் கையைக் கவனியுங்கள். கிளாஸின் அடியில் முதலில் டின் பால் இறங்கும். அதில் ஏறக்குறையப் பாதி சீனி. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர். பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். ரொட்டி தினமும் வேண்டாம். சாப்பிடும் நாளில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கே: கூலா மலாக்கா நம் ஊர்ச் சரக்கு, இயற்கையானது. சேர்த்துக்கொள்ளலாம்தானே? (அலோர் காஜா)

ப: தென்னம்பாளையில் இருந்து இறங்கினாலும் சீனி சீனிதான். இரத்தத்துக்கு ஊர்ப்பற்று கிடையாது.

கே: தினமும் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா? (ஜாசின்)

ப: கூடாது. பாகற்காயைக் கறியாக வைத்துச் சாப்பிடுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பொறுப்பு. மாத்திரையோடு சாறும் சேர்ந்தால் சிலருக்குச் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள்.

கே: கிளினிக் போகுமுன் இரண்டு நாள் வாயைக் கட்டினேன், வெறும் வயிற்றில் 6.2. வெற்றிதானே? (செங்)

ப: அந்தக் காலைக்கு மட்டும். எச்பிஏ1சி சோதனை மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தவணை தவறாமல் போங்கள்.

கே: அப்பா வெறுங்காலோடு தோட்ட வேலை செய்கிறார். சொன்னால் கேட்பதில்லை. (டுரியான் துங்கால்)

ப: என் சித்தப்பா காலில் முள் ஏறியது அவருக்கே தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றும்போது காலுறை நனைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இனிப்பு நீரால் நரம்பு மரத்த கால் வலியைச் சொல்லாது. அதனால் வாக்குவாதம் வேண்டாம். இரவு அவர் காலை உங்கள் மடியில் வைத்து, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மறுநாள் அவரே சிலிப்பரைத் தேடுவார்.