இடைக்காடர் ஆடும் சேகல் வீட்டு ஃப்ரீசரும்

பதினெண் சித்தர்களில் இடைக்காடர் கொஞ்சம் வேறு மாதிரி ஆசாமி. மற்றவர்கள் இரும்பைப் பொன்னாக்குவதிலும் கூடு விட்டுக் கூடு பாய்வதிலும் மும்முரமாக இருந்தபோது, இவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில்தான் அடங்கினார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தப் பாத்தியதையில், வேங்கிக்கால்காரன் நான் அவர் கதையை என் இஷ்டத்துக்குச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். ஆடு மேய்த்தவருக்குப் பொறுமை அதிகம்.

பன்னிரண்டு வருஷம் மழை பொய்க்கப் போகிறது என்று கிரகக் கணக்கில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. இந்தக் காலமாக இருந்தால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியிருப்பார். அப்போது அந்த வசதி இல்லை. அதனால் இரண்டு காரியம் செய்தார். புல் இடுப்பளவு கிடக்கும்போதே ஆடுகளை எருக்கிலை தின்னப் பழக்கினார். குடிசைச் சுவருக்கு மண் குழைத்தபோது அதில் குறுவரகைக் கொட்டிப் பிசைந்தார். ஊர் சிரித்திருக்கும். சாப்பிடுகிற தானியத்தைச் சுவரில் பூசுகிறவனைப் பார்த்து வேறு என்ன செய்வது?

பஞ்சம் வந்தது. சிரித்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். எருக்கு தின்ற ஆடுகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சுவரில் போய் உரசும். உரச உரச வரகு உதிரும். சித்தர் அதைக் கூட்டிப் பொறுக்கி ஆட்டுப்பாலில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். அரிப்பையே கூலியாளாக வேலைக்கு வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

நம் செல்லுக்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. புரதம் என்பது மடித்து வைத்த வேட்டி மாதிரி. மடிப்பு சரியாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும். சூடு ஏறினால் மடிப்பு கலையும். கலைந்ததை மடித்துக் கொடுப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். வேலை இல்லாத நேரத்தில் இவற்றில் சில, ஹெச்.எஸ்.எஃப்-1 என்ற இன்னொரு புரதத்தைத் தோளில் கை போட்டு உட்கார வைத்திருக்கும். சூட்டில் நாலா பக்கமும் வேட்டி அவிழ்ந்தால், கை போட்டவர்கள் அங்கே ஓடுவார்கள். தனியே விடப்பட்ட ஹெச்.எஸ்.எஃப்-1 மூன்று மூன்றாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய், 'மடிக்க இன்னும் ஆள் அனுப்பு' என்று மரபணுக்களை எழுப்பும். தெர்மாமீட்டர் என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஆட்கள் எழுந்து ஓடுவதே மணி அடித்த மாதிரி. 2003-ல் ஒரு சின்னப் புழுவுக்கு ஹெச்.எஸ்.எஃப்-1 புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புழு அதிக நாள் உயிரோடு இருந்தது.

இந்தச் சூட்டு ஏற்பாடு தெரியவந்ததே ஒரு கைப்பிசகால்தான். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈ இருந்த பெட்டியின் சூட்டைச் சக ஆராய்ச்சியாளர் ஒருவர் கூட்டிவிட்டார். வேறொருவர் என்றால் ஈயைக் கொட்டிவிட்டுச் சண்டைக்குப் போயிருப்பார். இவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. எழுதி அனுப்பினார். பெரிய பத்திரிகை ஒன்று, இதில் உயிரியலுக்கு என்ன இருக்கிறது என்று திருப்பிவிட்டது. 1962-ல் வேறொரு இதழில் வெளிவந்தது. நடுவே 1970-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் லகோடியாவும் முகர்ஜியும் சூடே இல்லாமல், பென்சமைடு என்ற ரசாயனத்தைக் கொடுத்து ஒரே ஒரு பூரியை மட்டும் உப்ப வைத்தார்கள். சூடுபட்ட ஈ புதிதாகப் புரதங்களைச் செய்கிறது என்று டிசியேரும் கூட்டாளிகளும் காட்டியது 1974-ல். கழித்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம். சித்தர் கணக்கு எங்கெங்கோ பலிக்கிறது.

சுவரில் வரகு ஒளித்த கதைக்கும் ஒரு ஜோடி உண்டு. இந்தியாவில் படித்து வளர்ந்த சுரேன் சேகல், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1964-ல் ஈஸ்டர் தீவுக்குக் கிளம்பிய ஒரு குழு அள்ளிவந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து அவர் குழு ஒரு மருந்தைப் பிரித்தது. தீவின் சொந்தப் பெயர் ராப்பா நுயி என்பதால் ராபமைசின். 1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டது. சேகல் மருந்தைக் கொட்டவில்லை. வீட்டு ஃப்ரீசரில் 'சாப்பிடாதே' என்று எழுதி வைத்துவிட்டார். சில வருஷம் கழித்துப் புது நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து வேலையைத் தொடர்ந்தார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக 1999-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ராபமைசின் எதை அடிக்கிறது என்று 1991-ல் ஈஸ்டில் தேடிப் பிடித்தார்கள். பாவம், அந்தப் புரதத்துக்கு 'ராபமைசினின் இலக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடித்தவன் பெயரால் அடிவாங்கியவனை அழைப்பது. நம் உடம்பில் இருப்பது எம்-டார். சாப்பாடு வரவர, 'கட்டு, வளர், சேர்' என்று உத்தரவு போடும் மேஸ்திரி. அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்போது செல்லில் குப்பை அள்ளும் பிரிவு தூங்கும். எதிர்க்கட்சி ஏ.எம்.பி.கே. ஏ.டி.பி. என்ற ரொக்கம் கரைந்து ஏ.எம்.பி. என்ற சில்லறை சேர்வதைக் கவனிக்கும் கணக்குப்பிள்ளை. பட்டினியிலோ நடையிலோ விழித்து, மேஸ்திரியை அடக்கி, கொழுப்பை எரிக்கச் சொல்வார். சர்க்கரைக்காரர்கள் விழுங்கும் மெட்ஃபார்மின் இவரையும் தட்டி எழுப்பும். 2009-ல் கிழட்டு எலிகளுக்கு ராபமைசின் கொடுத்து மேஸ்திரியின் வாயை அடைத்தபோது, எலிகளின் ஆயுள் நீண்டது.

சித்தர் கதைக்கு வருகிறேன். ஊரே வற்றிய பிறகும் ஒரு மனிதனும் நாலு ஆடும் தெம்பாக இருப்பதைப் பார்த்து நவக்கிரகங்கள் ஆய்வுக்கு இறங்கின. ஆய்வுக்குழுக்களின் மரபுப்படி முதலில் சாப்பிட்டன. பாலில் வெந்த வரகு. கண் சொக்கியது. தூங்கியவர்களைச் சித்தர் காலைப் பிடித்து இழுத்து, மழைக்குத் தோதான கட்டங்களில் கிடத்தினார். கொட்டித் தீர்த்தது.

எங்கள் மச்சானும் அந்தக் கிரகங்களின் வம்சம்தான். சர்க்கரை குறைய பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம். போன முறை நானும் போனேன். கணக்குப்பிள்ளை கண்ணைக் கசக்கி எழும் நேரத்தில் தொன்னையில் சுடச்சுட சர்க்கரைப் பொங்கல் நீண்டது. வழித்து நக்கினார். கொஞ்ச தூரத்தில் கேசரி. அப்புறம் சுண்டல், பாதாம் பால். "எரிக்கிறதுக்குத்தானே மாமா நடக்கிறோம்" என்றார் விரலைத் துடைத்துக்கொண்டே. விடியற்காலை வேங்கிக்கால் வீட்டுக்கு வந்ததும் கிரகங்களைப் போலவே திண்ணையில் சாய்ந்தார். இழுத்துக் கிடத்தப் பார்த்தேன். அசையவில்லை.

இந்தக் கதையை அவரிடம் சொன்ன மறுநாள், எருக்கிலையைக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்டார். உங்களுக்கும் அந்த யோசனை வந்திருந்தால் சொல்லிவிடுகிறேன். எருக்கு விஷம். ராபமைசின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. இடைக்காடர்கூட எருக்கை ஆட்டுக்குத்தான் போட்டார். அவர் குடித்தது வரகுக் கஞ்சி.