ஒரு தட்டச்சுப் பிழை

ஆங்கில இலக்கணத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸில் இருந்திருக்க வேண்டும். பருவநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவில், கரிம உமிழ்வைக் குறைக்கப் பணக்கார நாடுகள் முன்னே நிற்கும் இடத்தில் 'ஷல்' என்றிருந்தது. அதாவது, நின்றே ஆகணும். அமெரிக்கத் தரப்பு பதறியது. அப்படியே விட்டால் ஒப்புதல் கேட்டு செனட் சபையின் வாசலில் போய் நிற்கணுமே! தட்டச்சுப் பிழை என்றார்கள். 'ஷுட்' ஆனது: நின்றால் நல்லது. ஏறத்தாழ 200 நாடுகள் கைதட்டின. ஒரு புகைபோக்கியைக்கூடத் தொடாமல் என்ன நேர்த்தியான வேலை!

நாமும் பழகிக்கொள்ளலாம். வீட்டுக்கடன் பத்திரத்தில் 'தவணை கட்ட வேண்டும்' என்பதை 'கட்டினால் நல்லது' என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். மேலாளர் மறுக்கவே மாட்டார். 'கடன் வழங்கப்படும்' என்ற வரியிலும் அதே பிழை இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் படும்.