ஊரை விட்டவர்க்கு ஊரே பெயர்

எங்கள் ஊர்க் கொட்டகைக்கு ‘காந்தி’ படம் வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்தே வரிசையாக அழைத்துப் போனார்கள். அட்டன்பரோ, அட்டன்பரோ என்று இயக்குநரின் பெயரை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தோம். பின்னாளில், தொலைக்காட்சியில் கொரில்லாக்களுக்கு நடுவே கிடந்து பேசும் டேவிட், அந்த ரிச்சர்டின் தம்பி என்று தெரிந்தது. பெயரின் மேலேயே எனக்கொரு பற்று உண்டாகிவிட்டது.

அட்டன்பரோ என்பது நாட்டிங்காம்ஷயரில் ட்ரென்ட் ஆற்றோரத்துச் சிற்றூர். ஊருக்குள்ளேயே இருப்பவனை யார் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? அங்கிருந்து கிளம்பி வேற்றூரில் குடியேறியவனுக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர் ஒட்டியது. செம்மங்குடி சீனிவாச ஐயர் நமக்கு வெறும் ‘செம்மங்குடி’ ஆனதும் இப்படித்தான். இங்கே அது அவரோடு நின்றது. அங்கே பிள்ளை, பேரன் என்று இறங்கியது.

அன்றைக்கு ஊரை விட்டுப் போனவர்கள் வெகுதூரம் போய்விடவில்லை. 1890இல் எச். பி. கப்பி என்ற தாவரவியலர், மாவட்ட விவரத் தொகுப்புகளில் விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணிப் பார்த்து, எந்தப் பெயருக்கு எந்த மாவட்டம் தாய்வீடு என்று ஒரு நூலே எழுதினார். விவசாயிதானே இடம்பெயராதவன்! நல்ல யோசனை. டேவிட்டின் தந்தை ஃபிரடெரிக் 1887இல் பிறந்தது ஸ்டேப்பிள்ஃபோர்டில். அட்டன்பரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். இத்தனை தலைமுறைக்குப் பிறகும்!

இன்று அட்டன்பரோ சிற்றூரில் சரளை அள்ளிய பள்ளங்கள் நீர் நிறைந்து பறவைகளின் சரணாலயமாகிவிட்டன. 1966இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட்தான்.

ஃபிரடெரிக் 1932இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். பிள்ளைகள் அந்த வளாகத்திலேயே வளர்ந்தார்கள். கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. அங்கேதான் மரபியலர்களான டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் என்றால் கொல்லன்; கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். அதனால் ஸ்மித்துகளுக்குள் பொதுவான ஆண்வழி தென்படவில்லை. பெயர் அரிதாக அரிதாக உறவு நெருங்கியது. அட்டன்பரோவும் அந்த நாற்பதில் ஒன்று. அப்பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே ஆண்வழி. எந்த அரச வம்சாவளியைவிடவும் இந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். என்றோ ஊரை விட்டுக் கிளம்பிய யாரோ ஒருவருடைய பிள்ளைகள் இவர்கள்.